களை பிடுங்க வந்த மாப்பிள்ளை

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி. அதனால இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. போதாக்குறைக்கு வீட்டுல ஒரு மீனுக்குச் சமையல்காரன் வேலை வேற. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில வெச்சுக்கிட்டு உக்காருங்க.

குருபரப்பள்ளின்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியாது. கிருஷ்ணகிரியில இருந்து பெங்களூர் பஸ் ஏறினா சூளகிரிக்கு முன்னாடியே வந்துடும். ஒரு பக்கம் மாந்தோப்பு, இன்னொரு பக்கம் கம்பெனி காம்பவுண்டு சுவர், நடுவுல நிக்காம ஓடுற லாரிங்க. டீக்கடையில ஒரே பெஞ்சுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கேக்கும். கேக்காதது அலைச்சத்தம் ஒண்ணுதான். ரோட்டு வழியா எந்தக் கடலுக்குப் போனாலும் 200 கிலோமீட்டருக்குக் குறையாது. அப்படிப்பட்ட ஊர்ல, மாடி வீட்டு ஹால்ல, நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு நான் ஒரு கடல் வெச்சிருக்கேன். 240 லிட்டர் சொச்சம்.

எங்க ஊர் போர் தண்ணியை அப்படியே ஊத்த முடியாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடு அதிகம்னு எல்லாருக்கும் தெரியும். பல்லுல பழுப்புக் கறையோட இருக்கிற பெரியவங்களை இங்கே ஊருக்கு நாலு பேர் பாக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதுக்காக வந்ததுதான். அதனால தண்ணியை முதல்ல ஆர்.ஓ. மெஷின்ல விட்டு உள்ள இருக்கிற உப்பையெல்லாம் எடுக்கணும். அப்புறம் பாக்கெட்டுல வர்ற கடல் உப்பை லிட்டருக்கு 35 கிராம் கணக்குல கலக்கணும். இதை ஒருநாள் எங்க வீட்டு ஓனர் பெரியவர் நின்னு பாத்தார். மாந்தோப்பு வெச்சிருக்கிறவர். வீட்டுல தெலுங்கு, என்கிட்ட தமிழ்.

"ஏன் சார், உப்பை எடுக்கிறதுக்கு ஒரு மெஷினு, மறுபடி உப்பைப் போடறதுக்கு ஒரு பாக்கெட்டா?"

நான் என்னத்தைச் சொல்ல. அசடு வழிஞ்சேன். அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான். "இதை வறுத்தா நல்லா இருக்குமா?"

தொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு முதல்லயே சொல்லிடறேன், இல்லேன்னா யாராவது சண்டைக்கு வருவீங்க. பவளப் பாறைத் தொட்டின்னு சொன்னாலும் என்கிட்ட கல்லுப் பவளம் கிடையாது. இந்தியாவுல அது கூடவும் கூடாது. 2001-ல பாறை கட்டுற பவளம் மொத்தத்தையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறியோட சேர்த்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் பட்டியல்ல போட்டாங்க. புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. உசிரோட இருக்கிறது மட்டுமில்லை, செத்துப்போன வெள்ளை எலும்புக்கூட்டைக் கண்ணாடி அலமாரியில அழகுக்கு வெச்சாலும் குத்தம்தான். பிடிபட்டா மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். இது தெரியாம, "சார், சூப்பர் அக்ரோபோரா இருக்கு, வேணுமா"ன்னு வாட்ஸப்புல படம் அனுப்புறவங்க இன்னைக்கும் இருக்காங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க. என்கிட்ட இருக்கிறது ஸோவாந்திட், காளான் பவளம், தோல் பவளம்னு மெத்து மெத்துன்னு இருக்கிற வகைங்க. இதுங்க பேர் அந்தப் பட்டியல்ல இல்லை. பாறைகூட சிமெண்டுல வார்த்ததுதான். ரெண்டு கோமாளி மீன் இருக்கு, பண்ணையில பொரிச்ச குஞ்சுங்க. மண்டபத்துல, விழிஞ்ஞத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க கோமாளி மீனைப் பொரிக்க வெச்சு வளர்க்கிற வித்தையைக் கத்துக்கொடுத்து வருஷக்கணக்காச்சு.

இப்படி ஒழுங்கா போயிட்டிருந்த குடும்பத்துலதான் ஐப்டேசியா நுழைஞ்சது.

தெரியாதவங்களுக்கு: அது ஒரு குட்டிக் கடல் சாமந்தி. கண்ணாடி மாதிரி, லேசான பழுப்பு நிறம். சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கும்போது பாத்தா அழகாத்தான் இருக்கும். ஒரு ஸோவாந்திட் துண்டு வாங்கினேன், அது ஒட்டியிருந்த கட்டைக்கு அடியில ஒண்ணே ஒண்ணு இருந்தது. மருந்துத் தண்ணியில முக்கிட்டு விடணும்னு படிச்சது ஞாபகம் இருந்தது. அன்னைக்குன்னு பாத்து செகண்ட் ஷிப்டு. அவசரத்துல அப்படியே போட்டுட்டேன். அந்த ஒண்ணு மூணு மாசத்துல நாப்பதாச்சு. பக்கத்துல இருக்கிற பவளத்தைக் கொட்டிக் கொட்டிச் சுருங்க வைக்கும். பிச்சு எறியலாம்னு போனா இன்னும் மோசம். அடிப்பாதத்துல இருந்து கடுகளவு சதை பாறையில மிஞ்சினாலும் அது இன்னொரு முழு ஐப்டேசியாவா வளரும். அருகம்புல்லைக் கொத்திவிட்ட மாதிரிதான்.

ஒரு தமாஷ் கேளுங்க. நாம திட்டித் தீர்க்கிற இதே ஐப்டேசியாவை விஞ்ஞானிங்க ஆய்வுக்கூடத்துல எலி வளர்க்கிற மாதிரி வளர்க்கிறாங்க. பவளம் மாதிரியே இதுக்குள்ளயும் நுண்பாசி குடியிருக்கு. தண்ணி சூடேறினா பவளம் ஏன் அந்தப் பாசியைத் துரத்திட்டு வெளுத்துப் போகுதுன்னு ஆராய்ச்சி பண்ண, மெதுவா வளர்ற பவளத்தைவிட மளமளன்னு பெருகுற இந்தப் பிசாசு வசதி. மன்னார் வளைகுடாவுல 2010-லயும் 2016-லயும் பவளம் வெளுத்துச்சே, 2024-ல உலகம் பூரா வெளுக்குதுன்னு அறிவிச்சாங்களே, அதுக்கெல்லாம் விடை தேடுற இடத்துல இதுவும் உக்காந்திருக்கு. என் ஹால்ல உக்காந்ததுதான் எனக்குப் பிரச்னை.

முதல் வைத்தியம் சுண்ணாம்பு. வெளிநாட்டுக்காரங்க 'கால்க்வாசர்'னு ஜெர்மன் பேர்ல சொல்றது வேற ஒண்ணுமில்லை, நீத்த சுண்ணாம்புதான். அதைக் கெட்டியாக் குழைச்சு, ஊசியில எடுத்து, ஐப்டேசியா வாயில அப்பணும். இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நம்ம ஊர்ல சுண்ணாம்புக்காகவே பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒண்ணு இருந்தது. தூத்துக்குடி, மண்டபம் பக்கத்துத் தீவுகளைச் சுத்தி வள்ளம் வள்ளமா அள்ளினாங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு படிக்கிறோம், அதுல பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லின்னு ரெண்டு தீவு இப்போ தண்ணிக்கு மேல இல்லை. பவளத்தை வெட்டினதுக்கும் தீவு முழுகினதுக்கும் தொடர்பு உண்டுன்னுதான் சொல்றாங்க. அங்கே பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினாங்க, இங்கே நான் பவளத்தைக் காப்பாத்தச் சுண்ணாம்பைக் குழைக்கிறேன். ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு இதெல்லாம் யோசிச்சா கை நடுங்கும். நடுங்கிச்சு. பக்கத்துல இருந்த தோல் பவளத்து மேல பாதி கொட்டிடுச்சு.

நாப்பதுல இருபதைக் கொன்னா, அடுத்த மாசம் அறுபது.

சரி, ஆளை வெச்சுத்தான் அடிக்கணும்னு முடிவு பண்ணேன். ஐப்டேசியாவைத் தின்ற மீன்ல பேர் போனது காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன். வெள்ளை உடம்புல தாமிரக் கலர்ல பட்டை பட்டையா, முதுகுத் துடுப்புக் கடைசியில பொய்க் கண்ணு மாதிரி ஒரு கருப்புப் பொட்டு, இடுக்கி மாதிரி நீட்டு மூக்கு. பாறைச் சந்துல மூக்கை விட்டு நோண்டித் தின்னவே படைச்ச மாதிரி இருக்கும். ஆனா 'ஜாக்கிரதை' பட்டியல்ல இருக்கிற மீன்.

இந்தப் பட்டியல் சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்கணும். பவளத் தொட்டிக்கு இந்த மீன் ஆகும், இது ஆகாது, இது பார்த்து விடுன்னு பச்சை, சிவப்பு, மஞ்சள்ல அட்டவணை போட்டு வெச்சிருப்பாங்க. பாம்பன் பக்கம் கிளாத்தின்னு சொல்ற டிரிக்கர் மீன் சிவப்பு. நண்டு, நத்தை, கடல் முள்ளெலியையே நொறுக்கித் தின்ற பல்லு அதுக்கு. பேத்தை மீனும் சிவப்பு. அதோட பல்லு சாகுற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும், தேய்க்கிறதுக்கு எதையாவது கடிச்சே ஆகணும். சிங்க மீன் ஒரு மாதிரி ஆளு. பவளத்தைத் தொடாது, ஆனா வாய்க்குள்ள அடங்குற எந்த மீனையும் விடாது. முள்ளுல விஷம் வேற. குத்தினா பொறுக்குற சூட்டுல வெந்நீர்ல கையை முக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். குட்டி ஏஞ்சல், பட்டாம்பூச்சி எல்லாம் மஞ்சள். மஞ்சள்னா என்ன அர்த்தம்? ஒண்ணும் பண்ணாமலும் இருக்கலாம், ஒரே ராத்திரியில மொட்டை அடிக்கவும் செய்யலாம்னு அர்த்தம்.

ஓசூர்ல ஒரு நண்பர் இருக்கார். என்னைவிடப் பத்து வருஷம் சீனியர், உப்புத் தண்ணியில. அவர்கிட்ட போன் போட்டேன்.

"அண்ணே, காப்பர்பேண்ட் விடலாம்னு இருக்கேன்."

"விடு. விட்டதுக்கப்புறம் என்னைக் கேக்காதே."

அவர் சொன்ன கதை இது. கோரல் பியூட்டின்னு ஒரு குட்டி ஏஞ்சல் மீன், கத்தரிப்பூ உடம்புல ஆரஞ்சு கலந்திருக்கும். ரெண்டு வருஷம் அவர் தொட்டியில சாதுவா இருந்திருக்கு. பாறையில இருக்கிற பாசியை மட்டும் கொறிச்சுக்கிட்டு, யாரையும் முறைச்சுப் பாக்காம. மூணாவது வருஷம் ஒருநாள் காலையில ஸோவாந்திட் எல்லாம் மூடிக் கிடந்தது. மறுநாளும் அப்படியே. உக்காந்து கவனிச்சா, இவன் ஒவ்வொரு பூவா போய் முத்தம் குடுத்துட்டு வர்றான். கடிச்சுத் துப்பவும் இல்லை, தின்னவும் இல்லை. சும்மா கொத்துறது. அதுலயே பவளம் சுருங்கிக்கும். பவளத்துக்குச் சோத்துல பெரும்பங்கு அது உடம்புல இருக்கிற பாசி வெளிச்சத்துல சமைச்சுக் குடுக்கிறதுதான். பூ விரியலைன்னா பட்டினி.

"ரெண்டு வருஷம் நல்லவனா இருந்த மருமகன் மாதிரிடா"ன்னார். அவருக்குக் கல்யாணமான பொண்ணு உண்டு. அதனால நான் மேற்கொண்டு ஒண்ணும் கேக்கலை.

பிடிக்கிறதுதான் பெரும்பாடாம். மீனை விடறதுக்கு அரை நிமிஷம். எடுக்கிறதுக்கு மூணு நாள். பாறையையெல்லாம் வெளிய எடுத்து வெச்சு, பாட்டிலை வெட்டிக் கண்ணி செஞ்சு, கடைசியில விளக்கணைச்ச அப்புறம் தூங்குறப்போ அமுக்கினாராம். அந்த மூணு நாள்ல செத்த பவளம், ரெண்டு வருஷத்துல கொத்துப்பட்டதைவிட அதிகம்.

இவ்வளவு கேட்டும் நான் போனேன். போகாம இருந்திருந்தா இந்தப் பதிவே இல்லையே.

பெங்களூர்ல ஒரு கடை. அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டுன்னு எல்லா நெரிசலையும் தாண்டிப் போய்ச் சேர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு. கண்ணாடிக்குள்ள மீன் நிக்குது. பாத்ததும் விழுந்துட்டேன். "சாப்பிடுதா?"ன்னு கேட்டேன். "ஆ, ஆ, திந்தாயிதே சார்"ன்னு கன்னடத்துல பதில். திங்கிறதை எனக்குக் காட்டுங்கன்னு கேட்டிருக்கணும். வாய் வரைக்கும் வந்தது. லேட்டாகுது, பனி வேற இறங்குது, ஒரு மாச மளிகைக் காசை எடுத்துக் குடுத்துட்டு பாலிதீன் பையை மடியில வெச்சுக்கிட்டு வந்துட்டேன். கடைக்காரரைக் குத்தம் சொல்ல மாட்டேன். கேக்க வேண்டியதைக் கேக்காதது நான்.

அது எதையும் தொடலை. உறைஞ்ச ஆர்டீமியா போட்டேன், பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு. உயிரோட பொரிச்ச ஆர்டீமியா போட்டேன், மூக்கு நுனி வரைக்கும் வந்தது, போயிடுச்சு. பக்கவாட்டுல பாத்தா அதே அழகு. முன்பக்கம் இருந்து பாத்தாத்தான் தெரியும். காகிதம் மாதிரி. நெத்திக்கு மேல ரெண்டு பக்கமும் சதை குழி விழுந்து, வயிறு உள்ள போய். சுத்தி அறுபது ஐப்டேசியா இலை விரிச்சு உக்காந்திருக்கு, இது அதுங்களுக்கு நடுவுல பட்டினி கிடக்கு. பன்னிரண்டாம் நாள் காலையில பம்பு ஓரம் ஒட்டிக் கிடந்தது. பொண்ணு ஸ்கூலுக்குக் கிளம்புறதுக்குள்ள எடுத்து, கீழே ஓனரோட மாங்கன்னுக்கு அடியில புதைச்சேன்.

ஏன் திங்கலைன்னு எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. நம்ம கடைக்கு வர்ற காப்பர்பேண்ட் எல்லாம் கடல்ல பிடிச்சதுதான், பெரும்பாலும் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம். அங்கே 1960-கள்ல இருந்தே பாறைச் சந்துல சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கி வர்ற மீனைப் பிடிக்கிற வழக்கம் உண்டு. அப்படிப் பிடிச்ச மீன் சில வாரம் நல்லா இருந்துட்டு அப்புறம் காரணமே தெரியாம போயிடும். பாறையில இருக்கிற பவளமும் சேர்ந்து சாகும். வலையில பிடிச்சா? பையில, பெட்டியில, ஏர்போர்ட்டுல, மறுபடி பையிலன்னு எத்தனை நாள் பட்டினியோ. நாம கண்ணாடிக்கு முன்னாடி நின்னு 'சாப்பிடுதா'ன்னு கேக்குறது அந்தப் பயணத்தோட கடைசி நிமிஷத்துல.

'ஆபத்தான மீன்'னு எந்தப் பக்கமா சொல்றோம்னு அப்போதான் உறைச்சது. அட்டவணை போடுறவங்க பவளத்துக்கு என்ன ஆபத்துன்னுதான் போடுறாங்க. மாண்டரின் மீனைப் பாருங்க. சீனப் பட்டுல சித்திரம் போட்ட மாதிரி ஒண்ணு. எந்த அட்டவணையிலயும் பச்சை. பவளத்தைத் தொடவே தொடாது. ஆனா அது தின்றது பாறையில ஊர்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்களை மட்டும்தான், நாள் பூரா. சின்னத் தொட்டியில அந்தப் பூச்சி ரெண்டு வாரத்துல தீர்ந்துடும். பச்சை மீன், பத்திரமா, யாருக்கும் தொந்தரவு குடுக்காம, பட்டினியில சாகும். கிளாத்தியை வெச்சிருக்கிறவன் கிட்ட போய்க் கேளுங்க, பத்து வருஷம் உசிரோட இருக்கும், தொட்டியில வேற ஒண்ணும் இருக்காது, அவ்வளவுதான்.

2017 மே மாசம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் தொட்டிக் கடைகளுக்குன்னு விதி கொண்டுவந்தது ஞாபகம் இருக்கா? விக்கக் கூடாத மீன்னு பெரிய பட்டியல் போட்டு, அதுல கோமாளி, பட்டாம்பூச்சி, ஏஞ்சல் எல்லாத்தையும் சேர்த்திருந்தாங்க. எதிர்ப்பு கிளம்பி அப்புறம் வாபஸ் ஆச்சு. அப்போ நானும் சத்தமா எதிர்த்த ஆளுதான். பண்ணைக் குஞ்சையும் கடல் மீனையும் ஒரே மூட்டையில கட்டினது தப்புன்னு இன்னைக்கும் சொல்வேன். ஆனா மாங்கன்னுக்குத் தண்ணி ஊத்துறப்போ மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் இறங்கிடுது.

ஆறு மாசம் சும்மா இருந்தேன். ஐப்டேசியா சும்மா இல்லை.

ஓசூர் அண்ணனே ஒருநாள் கூப்பிட்டார். அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் தொட்டியைக் கலைக்கிறார், ஒரு காப்பர்பேண்ட் இருக்கு, எட்டு மாசமா அவர்கிட்ட தின்னுக்கிட்டிருக்கு, வேணுமான்னு. இந்தத் தடவை நேர்ல போய், ஒரு மணி நேரம் சேர் போட்டு உக்காந்து பாத்தேன். உடைச்ச மட்டியை ஓட்டோட உள்ள வெச்சார். மீன் வந்தது, ஒரு கண்ணால பாத்தது, இன்னொரு கண்ணால பாத்தது, மூக்கை நுழைச்சது. மூக்கு மட்டியில போன அந்த நொடி எனக்குக் கண்ணுல தண்ணி. தங்கமணி பக்கத்துல இல்லாததால தப்பிச்சேன்.

வீட்டுக்கு வந்த மூணாம் நாள் மாப்பிள்ளை வேலையை ஆரம்பிச்சுட்டார். விடிஞ்சதுல இருந்து விளக்கணைக்கிற வரைக்கும் பாறை பாறையா ஆய்வு. ஐப்டேசியாவுக்கு முன்னாடி நிப்பார், தலையைச் சாய்ப்பார், டக். பூ இருந்த இடத்துல ஒரு புள்ளி. மூணு வாரம். ஒண்ணு விடாம, நான் எண்ணிப் பாத்துக்கிட்டே இருக்க, மொத்தமும் காலி. ஸோவாந்திட்டைத் தொடலை. காளானைத் தொடலை. ஓசூருக்குப் போன் பண்ணிப் பெருமையடிச்சேன்.

"குழாய்ப் புழு இருந்துச்சே, இருக்கா?"ன்னு கேட்டார் அண்ணன்.

போய்ப் பாத்தேன். அதைப் பத்திச் சொல்ல மறந்துட்டேனே. வலது பக்க மூலையில, தோல் குழாய்க்குள்ள குடியிருக்கிற ஒரு புழு. தலையில விசிறி மாதிரி சிறகு விரிச்சு தண்ணியில இருக்கிற துணுக்கைப் பிடிச்சுத் தின்னும். காசு குடுத்து வாங்கலை, ஏதோ ஒரு துண்டோட ஒட்டிக்கிட்டு வந்தது. என் பொண்ணு அதுக்கு 'விசிறித் தாத்தா'ன்னு பேர் வெச்சிருந்தா. கண்ணாடியைத் தட்டினா சிறகைச் சர்ருன்னு உள்ள இழுத்துக்கும். ஸ்கூல் விட்டு வந்ததும் முதல் வேலை தாத்தாவைத் தட்டுறதுதான். இப்போ குழாய் மட்டும் இருந்தது. வாய் கிழிஞ்சிருந்தது.

நீட்டு மூக்கு எதுக்குப் படைச்சதோ அதைத்தான் அது செஞ்சது. அதுக்கு ஐப்டேசியா களை, புழு செல்லப்பிராணின்னெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா? இதைப் பொண்ணுகிட்ட சொல்லிப் பாத்தேன்.

"உனக்குத் தெரியும்ல அப்பா, அது தின்னும்னு?"

தெரியும். மஞ்சள் பட்டியல்ல முதல் வரியே அதுதான். பவளத்துக்கு ஆபத்து வரலாம்னு கணக்குப் போட்டேன், புழுவை நான் கணக்குலயே எடுத்துக்கலை. அவகிட்ட "தெரியும்"னு சொன்னேன். ரெண்டு நாள் என்கூடப் பேசலை. 

அடுத்த சிக்கல் நான் யோசிக்காதது. களை தீர்ந்துபோச்சு. மாப்பிள்ளைக்குப் பசி. மட்டி வெச்சா தின்றார், ஆனா உயிருள்ள மட்டி வாரா வாரம் நம்ம ஊர்ல எங்கே கிடைக்கும்? கிருஷ்ணகிரியில ஏரி மீனும் ஐஸ்ல வந்த சங்கராவும்தான். பெங்களூர்ல இருந்து வரவழைச்சா ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை. உறைஞ்ச ஆர்டீமியா போட்டா பத்துல ஒண்ணைத் தின்னுட்டு மிச்சத்தைத் தண்ணி கெட விடுறார். ஒருநாள் முன்பக்கம் இருந்து பாத்தேன். நெத்தியில லேசான குழி.

அந்தக் குழியை எனக்கு நல்லாத் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி பரண்ல கிடந்த ரெண்டடித் தொட்டியை இறக்கினேன். உப்புத் தண்ணி ஊத்தி, ஒரு சின்ன விளக்கு மாட்டி, ஓசூர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, உங்ககிட்ட ஐப்டேசியா இருக்கா?" அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே. அவ்வ்வ்வ்.

ஆமாங்க. எதைக் கொல்றதுக்கு இந்த மீனைக் கொண்டுவந்தேனோ, அதை இந்த மீனுக்காக இப்போ விவசாயம் பண்றேன். பால்கனி ஓரம் ஐப்டேசியா பண்ணை. கோலிக்குண்டு அளவு கல்லுங்களைப் பரப்பி, ஒவ்வொண்ணுலயும் நாலு அஞ்சு முளைச்சதும் எடுத்துப் பெரிய தொட்டியில வைப்பேன். மாப்பிள்ளை துடைச்சு வெச்சதும் கல்லை வெளிய எடுத்துடணும். ஒண்ணு மிஞ்சினாலும் பழைய கதை. அதுங்களுக்குத் தீனியா ஆர்டீமியா முட்டையைக் கவுத்த பெட் பாட்டில்ல உப்புத் தண்ணி ஊத்திக் காத்து விட்டுப் பொரிக்கிறேன், ஒரு நாள்ல ஆரஞ்சுப் புகை மாதிரி குஞ்சு வந்துடும். அதாவது பூச்சியை வளர்த்து, பூச்சியைப் போட்டுக் களையை வளர்த்து, களையை மீனுக்குப் போட்டு. தங்கமணி இதையெல்லாம் ஒரு வாரம் பேசாம பாத்துட்டு ஒரே வரிதான் சொன்னாங்க: "ஏங்க, நமக்கு ராத்திரிக்கு உப்புமாதான், பரவாயில்லையா?"

போன ஏப்ரல்ல ஒரு ராத்திரி. கோடை மழைக்கு முன்னாடி சுழட்டுற காத்து, எங்கேயோ கம்பம் சாஞ்சு கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் அஞ்சு மணி நேரம் தாக்குப் பிடிச்சது. அப்புறம் பேட்டரியில ஓடுற காத்து பம்பு. அதுவும் திக்க ஆரம்பிச்சதும் சொம்பால தண்ணியை மொண்டு மேலேருந்து ஊத்த ஆரம்பிச்சேன், காத்து கலக்கட்டும்னு. கொஞ்ச நேரத்துல பக்கத்துல இன்னொரு சொம்பு. என் பொண்ணு. புழுவைத் தின்னவனுக்காக ராத்திரி ரெண்டரை மணிக்கு எழுந்து வந்திருந்தா. டார்ச் வெளிச்சத்துல மீன் நிறம் மங்கி, பாறை ஓரமா மூச்சு வாங்கிக்கிட்டு நின்னது.

"கிருஷ்ணகிரி டேம்ல விட்டுட்டா பொழைச்சுக்குமா அப்பா?"

அது நல்ல தண்ணிம்மா, அரை நாள் தாங்காதுன்னேன். தாங்குற மீனா இருந்தா இன்னும் மோசம். ஃப்ளோரிடா கடல்ல 1985-ல ஒரு சிங்க மீனைப் பாத்தாங்க, யாரோ தொட்டியில இருந்து விட்டதா இருக்கும்னு சொல்றாங்க. இன்னைக்குக் கரீபியன் பூரா அதுதான், அந்த ஊர்க் குஞ்சு மீனையெல்லாம் தின்னு தீர்க்குது. நம்ம ஏரிகள்லயே தொட்டி துடைக்கிற சக்கர் மீன் வலை வலையா மாட்டுதே, அதுலயும் இரக்கப்பட்டு விட்டது உண்டு. நாலரைக்குக் கரண்ட் வந்தது. அவ சோபாவுலயே தூங்கிட்டா.

இப்போதைக்குக் கணக்கு இது. மாப்பிள்ளை வந்து பதினாலு மாசம். நெத்திக் குழி இல்லை. மட்டி ஓட்டுக்குள்ள உறைஞ்ச மைசிஸ் இறாலை அடைச்சு வெச்சுப் பழக்கினதுல, இப்போ ஓடு இல்லாமலே மைசிஸ் தின்றார். ஒரு மாசமா தோல் பவளத்தோட ஓரத்தை மட்டும் அப்பப்போ மூக்கால தொட்டுப் பாக்குறார். பவளம் ரெண்டு தடவை சுருங்கிச்சு. எனக்குத் தூக்கம் வரலை. எடுக்கணும்னா பாறை மொத்தத்தையும் கலைக்கணும். எடுத்து யாருக்குக் குடுக்கிறது? குடுக்கிற இடத்துல அவர் தின்பாரா? ஓசூர் அண்ணன் கிட்ட கேட்டேன். "விட்டதுக்கப்புறம் கேக்காதேன்னு அன்னைக்கே சொன்னேன்ல"ன்னார்.

பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போகணும். "மாமியார் வீட்டுக்கு வராம இருக்க மீனைச் சாக்கு சொன்னீங்க, பாருங்க"ன்னு எச்சரிக்கை வந்தாச்சு. யார்கிட்ட சாவி குடுக்கிறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தப்போ ஓனர் பெரியவரே மேல வந்தார். வறுத்தா நல்லா இருக்குமான்னு கேட்டவர்தான். ஒரு வாரமா சாயங்காலம் சாயங்காலம் வந்து பயிற்சி எடுத்துக்கிறார். மைசிஸ் எவ்வளவு, பம்பு எந்த சுவிட்சு, ஐப்டேசியா கல்லை எத்தனை மணிக்கு எடுக்கணும், எல்லாம். பொண்ணு ஒரு தாள்ல பெரிசா எழுதி ஒட்டியிருக்கா: 'கீழ்த் தொட்டி மூடியைத் திறக்கக் கூடாது'. அங்கே, மீன் போக முடியாத குழாய் ஓரத்துல, குண்டூசித் தலை அளவுக்கு இன்னொரு விசிறி விரிஞ்சிருக்கிறதை அவதான் கண்டுபிடிச்சா. இன்னும் பேர் வைக்கலை.

நேத்து பெரியவர் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நின்னார். உள்ளயிருந்து மாப்பிள்ளையும் அதே மாதிரி நின்னார்.

"தினு அல்லுடு, தினு"ங்கறார் பெரியவர்.